மூன்று கொம்பு முகமும் நமது காண்டாமிருகமும்

"ஸேர், ட்ரைசெரடொப்ஸ்னா என்னா?" கொப்பி மட்டையிலிருந்த படத்தைக் காட்டி, பதுளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் கேட்டான். தமிழ் படிப்பிக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. நமது பிள்ளைகள் இத்தகைய பெயர்களை அர்த்தம் தெரியாமலே பாடமாக்குகிறார்கள். பெயரைப் பிரித்துக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

கிரேக்கத்தில் 'ட்ரை' மூன்று, 'கெரஸ்' கொம்பு, 'ஒப்ஸ்' முகம். ஆக, மூன்று கொம்பு முகம். இலைகுழை தின்று வட அமெரிக்காவில் வாழ்ந்து, ஏறத்தாழ 66 மில்லியன் வருடங்களுக்கு முன் அழிந்த டைனோசர் இது. ஒத்னியல் மார்ஷ் 1889இல் இப்பெயரை இட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, டென்வருக்கு அருகில் கிடைத்த இதே இனத்தைச் சார்ந்த கொம்புகளை அவரே ஒருவகைக் காட்டெருமையினது என்று எழுதியிருந்தார்! கொம்பை மட்டும் பார்த்தால் யாருக்கும் மாடுதானே நினைவு வரும்.

அரபியில் இதனை 'ஸுலாஸிய்யுல் குரூன்' என்பர். 'கர்ன்' என்றால் கொம்பு. சூறா அல்கஹ்ப் ஓதுகிறவர்களுக்கு துல்கர்னைன் என்ற பெயரிலுள்ள 'கர்னைன்' இரு கொம்புகள் என்பது விளங்கும். அச்சொல்லுக்கு வேறு விளக்கங்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.

ஊவாவில் டைனோசர் எலும்பு தேடிப் பயனில்லை. நமது மலைப் பாறைகள் டைனோசர் தோன்று முன்பே, 50 கோடி வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில், பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. ஆனால் கொம்புள்ள தாவர உண்ணியொன்று பக்கத்து மாகாணத்தில் இருந்திருக்கிறது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில், 'இல்லம்' எனப்படும் சரளைப் படையில், காண்டாமிருக எச்சங்கள் அகப்பட்டன. ஆராய்ந்தவர் பி.ஈ.பி. தெரணியகல. ஒன்றுக்கு 'சிங்களேயுஸ்' என்றும் இன்னொன்றுக்கு 'ககவேன' என்றும் இனப்பெயர் இட்டார். 'ககவேன' பழைய சிங்களச் சொல். வாட்கொம்பன் என்று நாம் தமிழாக்கலாம். நமது காண்டாமிருகத்தின் முற்பகுதியோ வடமொழிக் 'கண்ட'. அல்பிரூனியும் இந்தியா பற்றிய தமது நூலில் அவ்விலங்கை அப்பெயராலேயே குறிக்கிறார்.

ட்ரைசெரடொப்ஸின் கொம்புக்குள் எலும்பு உண்டு. அதனால் கல்லாகி நிலைத்தது. காண்டாமிருகக் கொம்பு முழுக்கக் கெரட்டின், நமது நகத்திலுள்ள அதே பொருள். கெரட்டின் என்ற சொல்லும் 'கெரஸி'லிருந்தே வந்தது. அது மண்ணில் உக்கிப்போகும். இரத்தினபுரியில் கிடைத்தவை பெரும்பாலும் பற்களே.