குறுக்குக் கம்பி தெரிகிறதா?

அந்தமானில் நாம் வேட்டையாட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. (நிக்கோபார் பழங்குடியினருக்கு 1967 அறிவிப்பு தந்த வேட்டை உரிமையை அச்சட்டம் தொடவில்லை.) அயல்நாட்டில் உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்லும் அன்பர்கள், துப்பாக்கித் தொலைநோக்கியினுள் தெரியும் குறுக்குக் கம்பியை நம் காட்டை நினைத்துத் தேர்ந்தெடுக்கலாம். பட்டப்பகலிலும் இருண்ட மரநிழலில் மெல்லிய கம்பி பன்றியின் கருமேனியில் மறைந்துவிடும். முழுதும் தடித்த கம்பியோ தொலைவில் நிற்கும் மானின் தோளையே மூடிவிடும். ஓரங்களில் தடித்து நடுவில் மெலியும் 'டூப்ளெக்ஸ்' வகையே மேல். தூரங்காட்டும் புள்ளிகள் நிறைந்தவை வெட்டவெளிக்கு ஆகும். காட்டில் கண்ணைக் குழப்பும். குறி பிசகினால் அடிபட்ட விலங்கு புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் துடித்துச் சாகும். ஜாரவாக்களின் வில்லில் குறிபார்க்கும் கம்பி ஏது? அவர்கள் பன்றியை நெருங்கித்தான் அம்பு எய்கிறார்கள்.