துளையில் இறங்கும் கம்பியும் ஊராரின் உரிமையும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையோரத் தென்னந்தோப்பொன்றில் போர் போடும் வண்டி நின்று, அறுநூறு அடிக்குக் கீழிருந்தும் சாம்பல் நிறக் கருங்கல் மாவையே வாரியிறைத்ததைப் பார்த்தேன். அனலில் உருமாறி இறுகிய இந்தப் புராதனப் பாறையில் ஷேல் வாயுவுக்கு இடமில்லை. ஆனால் 1985 வரை நம்மோடு ஒரே மாவட்டமாயிருந்த இராமநாதபுரத்தின் பூமி வேறு. காவிரிப் படுகையின் தென்பகுதியான அங்கே, பண்டைக் கடல் படியவைத்த களிமண் அடுக்கடுக்காய்ப் பாறையாகி ஆழத்தில் கிடக்கிறது.

ஷேல் எனப்படும் அத்தகைய களிப்பாறையில் வாயு உண்டா என்றறிய, தோண்டிய துளைக்குள் அளவுக் கருவிகளைக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். சேந்திரியப் பொருள் செறிந்த இடத்தில் பெரும்பாலும் யுரேனியமும் சேர்ந்திருப்பதால் காமாக் கதிரின் அளவு உயரும், வாயு முதிர்ந்த பாறையில் மின்தடையும் ஏறும், அடர்த்தி குறையும், ஒலி தாமதித்துச் செல்லும். இவற்றை ஒப்புநோக்கி, வெட்டியெடுத்த பாறைத் துண்டைச் சோதனைச்சாலையில் பரிசோதித்து, இன்ன ஆழத்தில் இவ்வளவு கரிமம் என்று அனுமானிப்பது மெய்யாகவே போற்றத்தக்க சாஸ்திரம். ஆயினும் அந்த வரைகோடுகள் வாயுவின் சாத்தியத்தைச் சொல்லுமேயன்றி, பாறையைப் பிளக்க ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் வேண்டியிருக்கும் ஜலம் எந்தக் கண்மாயிலிருந்து வரும், இரசாயனம் கலந்து மேலே திரும்பும் உப்புநீர் எங்கே போகும் என்பவற்றைச் சொல்லமாட்டா.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய ஷேல் வாயுத் துரப்பணத்தைத் தடுக்கிறது. இராமநாதபுரம் அதில் சேரவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாமென்றாக்கிற்று. அதன் விளைவு, அம்மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. 2025 மார்ச்சில் பெற்ற சுற்றுச்சூழல் அனுமதி ஆகஸ்டில்தான் ஊரறியப் பேசப்பட்டது. அதன் பின்னரே அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு பணித்தது.

இந்த ஐந்து மாத மௌனமே எனக்குப் பெருங்கவலை தருகிறது. ஏனெனில் அனுமதியை எதிர்த்துச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாள்முதல் 30 நாளே அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவே. ஆகவே பத்திரிகையின் மூலையில் வரும் அனுமதி விளம்பரத்தைக் கத்தரித்துத் தேதியிட்டு வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு, கிணற்றின் சர்வே எண், அனுமதித் தேதி, நீராதாரம், கழிவுநீர் சேருமிடம் ஆகிய நான்கையும் எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அத்தீர்மானம் தனித்து நின்று துரப்பணத்தை நிறுத்திவிடாது, ஆனால் தீர்ப்பாயத்தின் முன் ஊராரின் ஆட்சேபம் எழுத்தில் இருக்கும்.