கல்லுக்குள் இருக்கும் சிப்பியின் கணக்கு

சாவகச்சேரி உட்பட யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணுக்கடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அப்போது ஆழமற்ற கடலில் வாழ்ந்த சிப்பியும் சங்கும் பவளமும் இன்று கல்லோடு கல். இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி ஆய்வாளர்களான வேய்லண்டும் டேவிஸும் 1923இலேயே எழுதினார்கள்.

அப்படியொரு உயிர்ச்சுவட்டை வேணியர் இடுக்கிமானியில் வைத்தால் நீளம் மில்லிமீற்றரில் வந்துவிடும். எதன் நீளம்? சங்கின் ஓடு கரைந்துபோய், உள்ளே நிறைந்து இறுகிய சுண்ணாம்பு மட்டும் எஞ்சியிருக்கலாம். அதை அளந்தால் கிடைப்பது சங்கின் அளவல்ல, அதன் உட்குழிவின் அளவு. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதினால், சங்கு மாறாமலே 'சிறுத்துவிடும்'.

அளவு சரியாக இருந்தாலும், எல்லா எண்களையும் கூட்டிப் பெருக்க முடியாது. 1946இல் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அளவைகளை நான்காகப் பிரித்தார். இனங்களுக்கு இட்ட இலக்கம் வெறும் பெயர். தேய்ந்த சிப்பிக்கு 1, உடைந்ததற்கு 2, முழுசுக்கு 3 என்று போட்டால் அது வரிசை மட்டுமே. அதற்குச் சராசரி எடுப்பது வீண்வேலை. பண்டைய கடலின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்றால், அது 15 பாகையைப் போல இருமடங்கு சூடல்ல. இவற்றில் நீளத்துக்கு மட்டும் உண்மையான பூச்சியம் உண்டு. 20 மில்லிமீற்றர், 10இன் இருமடங்குதான்.

அந்த நீளம் காலப்போக்கில் மாறும் வேகத்தையும் அளக்கலாம். உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949இல் பரிணாம வேகத்துக்கு 'டார்வின்' என்ற அலகை முன்வைத்தார். பத்து லட்சம் ஆண்டுகளில் ஓர் உறுப்பு சுமார் 2.718 மடங்கானால் அது ஒரு டார்வின். குதிரைப் பற்களுக்கு அவர் கண்ட வேகம் சுமார் 0.04.

2.718ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் அமைந்த அழகான அலகு. ஆனால் பொறியும் உண்டு. பத்து லட்சம் ஆண்டுகளில் ஒரு சிப்பி வடிவம் மாறாமல் 10 மில்லிமீற்றரிலிருந்து 20 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தால் கணக்கிட்டால் 0.69 டார்வின். கனவளவு 8 மடங்காவதால், அதைக் கொண்டு கணக்கிட்டால் 2.08. ஒரே சிப்பி, மூன்று மடங்கு வேகம்! ஒருவர் அளந்த நீளத்தையும் இன்னொருவர் கணித்த உடல் எடையையும் அருகருகே வைத்து எது வேகமாகப் பரிணமித்தது என்று கேட்பவர் இங்கேதான் வழுக்குவார்.

கால இடைவெளியும் விளையாடும். குறுகிய இடைவெளியில் அளந்த வேகங்கள் பெரிதாகவும் நீண்ட இடைவெளியில் அளந்தவை சிறிதாகவும் வருவதை 1983இல் தொல்லுயிரியலாளர் பிலிப் ஜிஞ்சரிச் காட்டினார். ஏறியும் இறங்கியும் மாறும் உறுப்பில், நீண்ட காலத்தின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன.