பிழை மடல் யார் கைக்குப் போகிறது?

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தை திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கணினிகள் 8.01 மணிக்குத் தம் ஊழியர் குழு ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தன. 9.30-க்குள் 97 மடல்கள் போய்விட்டன. எல்லாவற்றிலும் 'பவர் பெக் முடக்கப்பட்டது' என்ற ஒரே பிழைதான். பவர் பெக் என்பது 2003-லேயே கைவிடப்பட்ட பழைய நிரல். புதிய நிரலை எட்டு செர்வர்களில் ஏற்ற வேண்டியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அதில் பழைய நிரல் உயிரோடு கிடந்தது. சந்தை திறந்ததும் 45 நிமிடத்தில் 40 லட்சம் வர்த்தகங்கள் தாறுமாறாக நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு விசாரணையை முடித்த அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், அந்த மடல்கள் எச்சரிக்கையாக வடிவமைக்கப்படவில்லை, ஊழியர்கள் பொதுவாக அவற்றைப் பார்ப்பதும் இல்லை என்று பதிவு செய்தது.

இணையச் செயலிகளை எழுதுகிறவர்கள் பிழை மடலைக் கடைசியில் ஒட்டவைக்கும் வேலையாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அது யாருக்கு, எப்போது, எத்தனை முறை போகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பைத்தான் மொழியில் இணையச் செயலிகளை எழுத உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். செயலி நேரடிப் பயன்பாட்டுக்கு வந்தபின் உள்ளே ஏதாவது உடைந்தால், பயனருக்கு 500 என்ற பிழைப் பக்கம் தெரியும். அதே நொடியில், எந்த முகவரியைத் திறந்தபோது, எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் உடைந்தது என்ற விவரத்தோடு நிர்வாகிகளுக்கு மடல் கிளம்பும். நிர்வாகிகள் யார் என்பது செட்டிங்ஸ் கோப்பில் 'அட்மின்ஸ்' என்ற பட்டியலில் இருக்கிறது. சிக்கல் இங்கேதான். ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ ஷிஃப்ட் மாறினாலோ அந்தக் கோப்பைத் திருத்திச் செயலியை மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பணம் செலுத்தும் பகுதியில் வரும் பிழை, போய்விட்டவரின் மூடிய பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

முகவரிகளை டேட்டாபேஸ் அட்டவணைக்கு மாற்றி, பிழை வரும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து படிக்கச் செய்வது நல்ல வழி. மடல் அனுப்பும் வகுப்பை நீட்டி, அனுப்பும் செயற்கூறை மட்டும் மாற்றி எழுதினால் போதும். பணம் சார்ந்தது ஒரு குழுவுக்கு, உள்நுழைவு சார்ந்தது வேறு குழுவுக்கு, இரவில் வருவது அன்றைய பணியாளருக்கு என்று ஒரு நிர்வாகத் திரையிலிருந்தே பிரித்துவிடலாம்.

ஆனால் டேட்டாபேஸே விழுந்துவிட்டால்? அதைச் சொல்ல வேண்டிய மடலுக்கான முகவரியும் அதற்குள்தானே இருக்கிறது! கடைசியாகப் படித்த முகவரிகளை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் செட்டிங்ஸில் மாறாத ஒரு முகவரி காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிழை மடல் போகாமல் நின்றால் ஜாங்கோ சத்தம் போடாது, அமைதியாக விழுங்கிவிடும். மடல் வரவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடக் கூடாது.

எண்ணிக்கையையும் அடக்க வேண்டும். ஒரே பிழை ஆயிரம் பேருக்கு வந்தால் ஆயிரம் மடல் கொட்டும். இரண்டாம் நாளே அதை யாரும் திறக்க மாட்டார்கள். ரூபி மொழியின் இணையக் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸில் பயன்படும் எக்செப்ஷன் நோட்டிஃபிகேஷன் என்ற தொகுப்பில் அழகான ஏற்பாடு ஒன்று உண்டு: ஒரே பிழை 1, 2, 4, 8, 16-வது முறை வரும்போது மட்டும் மடல். ஆயிரம் முறை வந்தாலும் பத்தே மடல்தான்.

பெறுநரை மாற்றும் திரையை யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். ஹெச்டிஎம்எல் வடிவில் போகும் பிழை மடலில் அந்த நொடி நிரலுக்குள் இருந்த மதிப்புகளும் சேர்ந்து போகும். கடவுச்சொல், டோக்கன் போன்ற பெயருள்ள செட்டிங்ஸ் மதிப்புகளை ஜாங்கோ தானாகவே நட்சத்திரக் குறியால் மறைக்கும். செயற்கூறுக்குள் இருக்கும் மாறிகளை நாம்தான் குறிப்பிட்டு மறைக்க வேண்டும். முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் பழைய பெறுநருக்கு ஒரு தகவலும், புதியவருக்கு ஒரு சோதனை மடலும் உடனே போக வேண்டும். புதியவர் அதிலுள்ள இணைப்பைத் தொட்டு உறுதிசெய்யும்வரை பழைய முகவரியை நீக்கவே கூடாது.