உங்கள் இரண்டாவது ஆள் யார்?

2019 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அயோவா மாநிலத் தலைநகர் டிமொய்னை ஒட்டிய எங்கள் பகுதியில், தெரியாத வீட்டுக் கதவை ஓட்டுக்காக முதன்முதலாகத் தட்டினேன். திறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. அதனால் இன்றுவரை எனக்கு அவர் டீச்சரம்மாதான். கமலா ஹாரிஸுக்காக வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஐந்து நிமிடப் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், ஒன்றைக் கேட்க மறந்துவிட்டாயே என்றார். எதை என்றேன். "உங்கள் இரண்டாவது ஆள் யார்?" அயோவாவில் அதைக் கேட்காமல் ஒரு வீட்டுப் படியை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, 2018இல்தான் குடியுரிமை பெற்றேன். நம் ஊரில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவிக்கும். தொண்டர்கள் மறுநாள் சுவருக்கு வெள்ளையடிக்கக் கிளம்புவார்கள். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் யார் என்பதையே கட்சி மக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மாநிலம் மாநிலமாக, மாதக் கணக்கில் அது நடக்கும். 2020இல் ஜனநாயகக் கட்சியில் இப்படித் தேர்வாக வேண்டிய பிரதிநிதிகள் 3,979 பேர். அதில் 1,991 பேர் யார் பக்கமோ அவரே வேட்பாளர். அயோவாவின் பங்கு வெறும் 41. ஆனாலும் 1972 முதல் அயோவாதான் முதலில் வாக்களித்து வந்தது. 1976இல் அதிகம் பேர் அறிந்திராத ஜிம்மி கார்ட்டரை நாடு திரும்பிப் பார்த்ததும், 2008 ஜனவரி 3 இரவில் ஒபாமாவால் ஜெயிக்க முடியும் என்று நாடு நம்பத் தொடங்கியதும் இங்கேதான். அதனால் இருபதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் எங்கள் சோளக்காட்டுச் சாலைகளில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா அதற்குள் நான்கு பேரை நேரிலேயே பார்த்துக் கைகுலுக்கியிருந்தார்.

பெரும்பாலான மாநிலங்களில் நடப்பது பிரைமரி. அரசு நடத்தும் தேர்தல், ரகசிய வாக்கு, போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எங்களுடையது அப்போது காக்கஸ். கட்சியே நடத்துவது. குறித்த நாளில் இரவு 7 மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ கூடி, உங்கள் வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. எண்ணுவார்கள். கூடியிருப்பவர்களில் 15 சதவீதம் சேராத அணி பெரும்பாலும் செல்லாது. அந்த அணியில் இருப்பவர்கள் கலைந்து வேறு அணிக்குப் போகலாம், அல்லது மற்றவர்களை அழைத்து வந்து தங்கள் எண்ணிக்கையைத் தேற்றலாம். இரண்டாவது ஆள் என்ற கேள்வி உயிர்பெறுவது அந்த நேரத்தில்தான்.

அத்தனை வேட்பாளர்களில் கமலாவை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்? அவர் தாய் சியாமளா கோபாலன் பத்தொன்பது வயதில் தனியாக பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். தாத்தா கோபாலனின் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம். அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கியது, மறைக்க மாட்டேன். ஆனால் அயோவாக்காரரின் வாசலில் நின்று துளசேந்திரபுரத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியுமா? ஆசிரியர்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 13,500 டாலர் சம்பள உயர்வு என்ற அவருடைய திட்டத்தை எடுத்துச் சொன்னேன். நல்ல வரவேற்பு இருந்தது. மருத்துவக் காப்பீடு என்று வந்ததும்தான் திணறினேன். டிமொய்ன் காப்பீட்டு நிறுவனங்களின் நகரம். எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் ஒரு வீடு அந்தத் தொழிலில் இருந்தது. தனியார் காப்பீட்டை ஒழித்தால் என் வேலை என்ன ஆகும் என்று கேட்பார்கள். பத்து ஆண்டுகளில் படிப்படியாக, தனியார் நிறுவனங்களும் அரசு விதிக்குள் இருந்து நடத்தலாம் என்பது கமலாவின் திட்டம். அதை ஒரு வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் புரியவைக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒருவரை ஆதரிப்பது என்றால் அவருக்காகப் பரீட்சைக்குப் படிப்பது என்று அப்போது கண்டுகொண்டேன்.

எங்களோடு வந்த ஒரு பையன் எச்-1பி விசாவில் இருந்தான். அவனுக்கு ஓட்டு கிடையாது. ஒரு டாலர் நன்கொடை கொடுக்கவும் சட்டம் விடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் உழைக்கலாம். வாராவாரம் வந்து என் காரை அவன்தான் ஓட்டினான். குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரி கட்டத்தில் 2,800 டாலர்வரை தர முடிந்தது. ஆனால் அந்த ஆண்டு பெரிய தொகையைவிடத் தலைக்கணக்குக்குத்தான் மதிப்பு. செப்டம்பர் விவாத மேடையில் ஏற வேண்டுமானால், கருத்துக்கணிப்பில் இடம் பிடிப்பதோடு 1,30,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும் என்பது கட்சி வைத்த விதி. அதனால் ஒரு டாலர் கொடுங்கள் போதும் என்று எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர்களிடம்கூடக் கேட்டேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதிப்பெண் போட வேண்டும். 1 என்றால் உறுதியாக நம் ஆள். 3 என்றால் முடிவெடுக்காதவர். 5 என்றால் உறுதியாக எதிர் முகாம். அக்டோபரில் ஒரு மாலை, வேறொரு வேட்பாளரின் பலகை நட்டிருந்த வீட்டில் நான் ஒரு தவறு செய்தேன். அந்த வேட்பாளரின் குறைகளை வரிசையாக அடுக்கினேன். வீட்டுக்காரர் மரியாதையாகத் தலையாட்டிக் கதவைச் சாத்தினார். எங்கள் அமைப்பாளர் இருபத்து மூன்று வயதுப் பெண். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நமக்கு முன்பே 5தான் அக்கா, ஆனால் இரண்டாவதாக நம்மிடம் வர ஒரு வழி இருந்தது, அதையும் அடைத்துவிட்டீர்களே என்ற பொருளில் மெதுவாகச் சொன்னாள். என் மகளைவிட ஐந்தே வயது மூத்தவள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் ஆண்ட்ரூ யாங்கின் ஆதரவாளனான பதினேழு வயதுப் பையன் கிடைத்தான். நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு ஆகிவிடும் என்றால் காக்கஸில் நிற்கலாம். நாட்டில் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதம் ஆயிரம் டாலர் என்ற யாங்கின் திட்டத்தை அவன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். இருபது நிமிடம் கேட்டேன், மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டாவது யார் என்றேன். யோசித்துவிட்டு, நீங்கள் நிற்கிற பக்கம் என்றான்.

டிசம்பர் 3. மதியம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. பிரசாரத்தைத் தொடரப் பணமில்லை என்று கமலா விலகிவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காக்கஸுக்கு இன்னும் சரியாக இரண்டு மாதம் இருந்தது. ஒருவருக்குக்கூட அவர் பெயரைச் சொல்லி நிற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் போன் வரத் தொடங்கியது. எங்கள் பெயர்கள் எல்லா முகாமுக்கும் தெரியும் போலிருக்கிறது. ஒரு முகாமிலிருந்து பேசியவர், கமலா தோற்பார் என்று எங்களுக்கு முன்பே தெரியும் என்று ஆரம்பித்தார். துக்க வீட்டுக்கு வந்து கடனைக் கேட்பதைப் போல இருந்தது. வைத்துவிட்டேன். மறுநாள் டீச்சரம்மா வந்தார். வாழைப்பழ ரொட்டியை அலுமினியத் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார், தொட்டால் இன்னும் சூடு. ஒரு மணி நேரம் இருந்தார். தான் 1976இல் ஆதரித்து நின்ற வேட்பாளர் தோற்றபோது காரை ஓரமாக நிறுத்தி அழுத கதையைச் சொன்னார். ஓட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாசல்வரை போனவரை நான்தான் நிறுத்தி, நீங்கள் யார் பக்கம் என்று கேட்டேன். ஏமி குளோபுஷார் என்றார். பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் செனட்டர், முன்னாள் அரசு வழக்கறிஞர், கமலாவோடு ஒரே செனட் குழுவில் உட்கார்ந்தவர். இரண்டு நாள் படித்தேன். மூன்றாம் நாள் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன்.

2020 பிப்ரவரி 3, திங்கட்கிழமை இரவு. பள்ளிக்கூட ஜிம்மில் கூடைப்பந்துக் கோடுகளின் மேல் வேட்பாளர் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். குளிர்கால கோட்டுகள் பெஞ்சுகளில் குவியலாகக் கிடந்தன. மொத்தம் 286 பேர் என்று அறிவித்தார்கள். 15 சதவீதம் 42.9, மேல்நோக்கி முழுமையாக்கினால் 43. எண்ணும்போது ஆளுக்கு ஆள் சத்தமாக எண் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் கடைசிக் குரல் "முப்பத்தெட்டு" என்றதும் டீச்சரம்மா என் கையைப் பிடித்தார். பூட்டஜெஜ் 81, வாரன் 60, சாண்டர்ஸ் 49. இந்த மூன்று அணிகளும் தேறிவிட்டன. புதிய விதிப்படி அவர்கள் நகர முடியாது. நாங்கள் 38, பைடன் 33, யாங் 16, ஸ்டெயர் 6, யாருக்கும் இல்லை என்றவர்கள் 3. கால் மணி நேரம் கொடுத்தார்கள்.

அந்தக் கால் மணி நேரத்தை என்னால் இன்னும் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். தேறிய அணிகளிலிருந்து தூதுவர்கள் வந்து எங்களையே கூப்பிட்டார்கள். எங்கள் வரிசையில் இரண்டு பேர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். டீச்சரம்மா அவர்கள் முன்னால் போய் நின்று, இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சினார். நான் யாங் மூலைக்கு ஓடினேன். அதற்குள் அந்தப் பையனே இரண்டு நண்பர்களோடு என்னைத் தேடி வந்துகொண்டிருந்தான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டான். 41. அடுத்து ஸ்டெயர் பக்கம் இருந்த ஒரு கணவன் மனைவி. அவர்களை டீச்சரம்மா அழைத்து வந்தார். அந்த மனைவி அவரிடம் நான்காம் வகுப்புப் படித்தவராம். 43.

நாங்கள் தேறியதும் பைடன் அணி இனித் தேறுவது கடினம் என்பது தெரிந்துவிட்டது. அங்கே தலைமை தாங்கியவர் தலை நரைத்த ஒரு முன்னாள் தொழிற்சங்கக்காரர். கையிலிருந்த பலகையைக் கீழே வைக்கவே அவருக்கு மனம் வரவில்லை. எங்களில் யாரும் கைதட்டவில்லை. டீச்சரம்மா போய் அவருக்குக் கை கொடுத்தார். பைடனை விட்டு வந்த ஒன்பது பேரோடு 52இல் முடித்தோம். அந்த 52 பேருக்குக் கிடைத்தது, மாவட்ட மாநாட்டுக்கு ஒரே ஒரு பிரதிநிதி.

அன்று இரவு மாநில முடிவே வரவில்லை. எண்ணிக்கையை அனுப்ப வைத்திருந்த கைபேசிச் செயலி கைகொடுக்காமல் நாள் கணக்கில் இழுத்தது. கடைசியில் பூட்டஜெஜுக்கு 14 பிரதிநிதிகள், சாண்டர்ஸுக்கு 12, வாரனுக்கு 8, பைடனுக்கு 6, ஏமிக்கு 1. இங்கே நான்காவதாக வந்த பைடன் பிப்ரவரி 29இல் தென் கரோலினாவில் வென்றார். மார்ச் 2இல் ஏமியும் விலகிப் பைடனை ஆதரித்தார். மூன்று மாதத்தில் எனக்கு இரண்டாவது இழப்பு. அந்தத் தொழிற்சங்கக்காரரின் வீட்டு எண்ணை டீச்சரம்மாவிடம் வாங்கினேன். உங்கள் ஆளுக்காக இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஒரு நிமிடம் அவர் பேசவே இல்லை. பிறகு, முதலில் எனக்கு நன்றி சொல்ல விடுங்கள் என்றார். அவர் கொடுத்த பட்டியலை வைத்து அந்தக் கோடை முழுதும், கொரோனா காலமாதலால் வீட்டிலிருந்தே, போன் செய்தேன்.

ஆகஸ்ட் 11இல் பைடன் தன் துணை அதிபர் வேட்பாளராகக் கமலாவை அறிவித்தார். ஆகஸ்ட் 19 இரவு, கட்சி மாநாட்டு உரையில் தன் குடும்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்த கமலா, நடுவில் "சித்திகள்" என்றார். மகளும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டோம். இரண்டு நிமிடத்தில் டீச்சரம்மாவின் போன்: அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அம்மாவின் தங்கை என்றேன். இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார்.

2024இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தது. அயோவாவின் முதலிடம் போனது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜிம்மில் நிற்க வேண்டியதும் இல்லை. விருப்ப அட்டை தபாலில் வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு பெயரைக் குறித்து, உறையில் போட்டு ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. நடக்க முடியாதவர்களும் இரவுப் பணிக்குப் போகிறவர்களும் இந்த முறை கலந்துகொள்ள முடிந்தது, அது நியாயம்தான். அட்டையைத் தபால்பெட்டியில் போடப் போகிற வழியில் டீச்சரம்மா வீட்டில் நின்றேன். அவர் தன்னுடையதை அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதில் இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லையே, கவனித்தாயா என்று கேட்டார்.