எண்ணெய் வேண்டாம், காற்று போதும்

அமெரிக்காவில் கோடை என்றால் கொல்லைப்புறத்தில் பார்பிக்யூ. மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாளில் தொடங்கி, ஜூலை 4 சுதந்திர தினத்தில் உச்சத்துக்குப் போய், செப்டம்பர் முதல் திங்களன்று தொழிலாளர் தினம் வரை அடுப்புகள் ஓய்வதில்லை. மசாலா தடவிய இறைச்சி தயாராக இருக்கும், விருந்தினரும் வந்திருப்பார்கள். கரி மட்டும் பற்றாமல் புகைந்துகொண்டிருக்கும். பொறுமை இழந்தவரின் கை அப்போது கரி பற்றவைக்கும் எண்ணெய்ப் புட்டியைத் தேடும். சுவை கெடுவதும் ஆபத்து தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

கரி ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? விறகில் நாம் பார்க்கும் சுவாலை, சூட்டில் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரிவதால் உண்டாவது. கரியில் அந்த வாயுக்கள் அநேகமாக இல்லை. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காற்றை அடைத்து நாள்கணக்கில் வேகவிடும்போது ஈரமும் வாயுக்களும் வெளியேறி, பெரும்பாலும் கார்பன் மட்டுமே மிஞ்சுகிறது. அதனால் கரி சுவாலைவிட்டு எரியாமல் மேற்பரப்பிலேயே கனல்கிறது. தனியாகக் கிடக்கும் துண்டு பற்றினாலும், சூட்டை நாலாபுறமும் இழந்து அணைந்துபோகும். நெருங்கிக் கிடந்தால்தான் ஒன்றின் சூட்டில் இன்னொன்று பிழைக்கும். கூடவே அடியிலிருந்து ஓயாமல் காற்று வர வேண்டும். கொல்லன் துருத்தி ஊதுவதும், தெருமுனையில் சோளக்கதிர் சுடுபவர் விசிறியைக் கீழே வைக்காததும் இதற்காகத்தான்.

அமெரிக்க அடுப்புகளில் பெரும்பாலும் விழுவது பிரிக்கெட் எனப்படும் அச்சுக்கரி. கரித்தூளோடு மாவுப்பசை சேர்த்து அழுத்திச் செய்த கட்டிகள் இவை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் ஸ்வோயர் 1897-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் நாடெங்கும் பரப்பியது கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு. அந்தக் காலத்துக் கார்களுக்கு மரம் நிறையத் தேவைப்பட்டது. 1920-களில் மிச்சிகனில் இருந்த அவருடைய மரத் தொழிற்சாலையில் கழிவுத் துண்டுகளும் மரத்தூளும் மலைபோல் குவிந்தன. அவற்றைக் கரியாக்கிக் கட்டியாக்கி, தன் கார் விற்பனையகங்களிலேயே விற்றார். அந்த ஆலைக்கு இடம் தேடித் தந்த உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயர்தான் பின்னர் அந்தக் கரிக்கு வந்தது. இன்றும் அமெரிக்கக் கடைகளில் அதே பெயரில் கிடைக்கிறது.

கரியைப் போலவே அடுப்புக்கும் ஒரு கதை உண்டு. 1952-ல் சிகாகோவில் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கும் மிதவைக்கான உலோகக் கோளத்தை அடிப்படையாகக்கொண்டு மூடி போட்ட உருண்டை அடுப்பைச் செய்தார். பட்டறையின் பெயரால் இது வெபர் அடுப்பு ஆனது. அதன் அடியிலும் மூடியிலும் உள்ள துவாரங்களைத் திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும்.

சரி, எப்படிப் பற்றவைப்பது? நல்ல வழி, சிம்னி. கைப்பிடி வைத்த தகர உருளை, உள்ளே அடிப்பக்கம் ஒரு கம்பித் தட்டு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. மேலே கரியை நிரப்பி, தட்டுக்குக் கீழே இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கிச் செருகி, நெருப்பு வைக்க வேண்டும். சூடான காற்று மேலே எழும்ப, வெறுமையான இடத்துக்கு அடியிலிருந்து புதுக்காற்று பாய்கிறது. விசிற ஆள் தேவையில்லை. கரித்துண்டுகளும் நெருக்கமாக இருப்பதால் நெருப்பு தானாக மேலேறும். தாளைத் திணித்து அடைத்தால் மட்டும் காற்று நின்று வேலை கெடும்.

பதினைந்து, இருபது நிமிடத்தில் மேல்வரிசைக் கரியின் ஓரங்களில் நீறு பூக்கும். அதுதான் அடையாளம். அப்போது தடித்த கையுறை அணிந்து கரியை அடுப்பில் கொட்டி, ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். இறைச்சியைத் தணலின் நேர்மேலே சிவக்கவிட்டு, மறுபக்கம் நகர்த்தி உள்ளே வேகவிடலாம். எல்லாவற்றையும் தணலுக்கு மேலேயே வைத்தால் வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருக்கும்.

எண்ணெய் ஊற்றியே பழகியவர்கள் குறைந்தபட்சம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பற்றிய கரியின் மேல் மறுபடி எண்ணெய் ஊற்றவே கூடாது. நெருப்பு அந்தத் தாரையிலேயே ஏறிக் கைக்கு வந்துவிடும். எண்ணெய் முழுதும் எரிந்து தீருமுன் உணவை வைத்தால் பெட்ரோலிய வாடை அதில் ஏறும். எண்ணெயின் ஆவி ஊர்க்காற்றையும் கெடுக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரக் காற்றுத்தர நிர்வாகம் 1990-ல் கரி பற்றவைக்கும் எண்ணெய்க்கென்றே தனி விதி கொண்டுவந்தது. ஒரு தடவை பற்றவைக்கையில் வெளியாகும் கரிம ஆவி சுமார் 9 கிராமைத் தாண்டக் கூடாது என்றது அந்த விதி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கனலும் கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சு வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். புகை நின்றுவிட்டது, கரி நீறு பூத்துவிட்டது என்று நம்பி, குளிருக்காக அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துவைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். சமையல் முடிந்ததும் மூடியையும் துவாரங்களையும் அடைத்துவிட்டு, அடுப்பை வெட்டவெளியிலேயே விடுங்கள். முழுதாக ஆறிய பிறகே சாம்பலை உலோக வாளியில் அள்ளுங்கள். வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ கூடாரத்திலோ கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகாதீர்கள்.