கணனி செய்யும் கொண்டுகூட்டு

செய்யுளுக்குப் பொருள் காணும் நெறியைப் பவணந்தியார் நன்னூலில் எண்வகைப் பொருள்கோளாக வகுத்தார். சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் ஒழுகிச் செல்வது ஆற்றுநீர். பல அடிகளிற் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்து இயைப்பது கொண்டுகூட்டு. கணனிக்கு மொழி பயிற்றியோர் முன்னர்ப் பெரும்பாலும் ஆற்றுநீரையே பின்பற்றினர். சொல் சொல்லாகப் படித்துச் சென்ற பொறி, நெடுவாக்கியத்தின் இறுதியை எய்துமுன் தொடக்கத்தை மறந்தது. ஆசிஷ் வாஸ்வானி முதலிய எண்மர் 2017 இல் வெளியிட்ட கட்டுரை, ஆற்றுநீரை அறவே விடுத்துக் கொண்டுகூட்டினையே நம்பிற்று. அம்முறையைத் தற்கவனம் என்போம். (கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு கல்முனைக்கு அண்மையது; இங்குள்ளோர் இதனினும் நல்ல சொல் ஆக்குதல் கூடும்.)

‘மீனவர் தோணியிலிருந்து மீனை இறக்கினர், அது அழுகிற்று.’ இங்கு ‘அது’ மீனைச் சுட்டும். ‘ஒழுகிற்று’ என ஓரெழுத்து மாறினால் தோணியைச் சுட்டும். தற்கவனத்தில் ஒவ்வொரு சொல்லும் வினா, அடையாளம், பொருள் என்னும் மூன்று எண்வரிசைகளைத் தாங்கி நிற்கும். ‘அது’ என்பதன் வினா ஏனைச் சொற்களின் அடையாளங்களோடு ஒப்பிடப்படும். ஒப்புமை மிக்க சொல்லின் பொருளுக்கு மிக்க நிறை கிடைக்கும். இது பல அடுக்குகளில் நிகழ்தலின், ‘அழுகிற்று’ தந்த குறிப்பும் ‘அது’வினுட் சேர்ந்து மீனை நாடச் செய்யும்.

குறை யாதெனின், செலவு. கணனி காண்பன சொற்றுண்டுகள். ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் நோக்குதலின் உழைப்பு நீளத்தின் வர்க்கமாகப் பெருகும்: 1,000 துண்டுகளுக்கு 10 இலட்சம் ஒப்பீடுகள், 2,000 துண்டுகளுக்கு 40 இலட்சம்.

இதனைத் தணிக்க வழிகள் பல எழுந்தன. 2020 இல் வந்த ‘லோங்ஃபோமர்’, பெரும்பாலான துண்டுகளை அயலிலுள்ளவற்றை மட்டும் நோக்கச் செய்து, சிலவற்றுக்கே முழு நோக்கு அளித்தது. தொலைவிற் கிடக்கும் சொல்லை நேரே கூட்டும் ஆற்றல் இதனாற் குன்றுதலின், நம் செய்யுட்களுக்கு இது ஏற்றதென்று யான் கருதேன். 2022 இல் ட்ரை டாவோவும் பிறரும் அமைத்த ‘ஃபிளாஷ் அற்றென்ஷன்’ எந்த ஒப்பீட்டையும் கைவிடவில்லை. ஒப்பீட்டு அட்டவணை முழுவதையும் நினைவகத்தில் எழுதிவையாது, சிறு சிறு பகுதிகளாக விரைவு நினைவகத்திலேயே கணித்து முடித்தது. விடை மாறாது, காலமும் இடமும் மிஞ்சின.

ஆயினும் தமிழுக்கு உற்ற பெருஞ்சுமை கவனத்துக்கு முன்னரே, துண்டாக்கும் இடத்திலேயே தொடங்குகின்றது. பரவலான யூனிகோட் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று. தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. ‘கல்முனைக்கு’ என்பது 11 குறியீடுகள், 33 பைற்றுகள். தமிழறியாத பகுப்பான் பைற்றுப் பைற்றாகப் பிளந்தால், அவ்வொரு சொல்லினுள்ளேயே 1,089 ஒப்பீடுகள். பகுதி, சந்தி, உருபு எனக் கல்முனை, க், கு என்று பிரித்தால் ஒன்பதே.